கார்டா ஏரியில் விண்ட்சர்ஃபிங்: காற்று பலமான நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்கு இத்தாலியில் கார்டா ஏரியின் வடமுனையில் இருக்கும் டொர்போலேவுக்குக் கோடைதோறும் நண்பர்களோடு விண்ட்சர்ஃபிங் செய்யப் போவோம். பாய்மரத் துணி (பாய்) பொருத்திய மிதவைப் பலகையில் (போர்டு) நின்றுகொண்டு, காற்றின் விசையால் தண்ணீரில் ஓடும் விளையாட்டு அது. புதிதாகக் கூட வருகிறவர்கள், நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளையே செய்கிறார்கள். லைஃப் ஜாக்கெட், வெயிலுக்குப் பூசும் களிம்பு இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அதை விடுகிறேன்.

கரையோரத் தண்ணீரைப் பார்த்துக் காற்றைக் கணிப்பது

இதை நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இப்போதும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் கார்டாவில் இரண்டு காற்று. விடிவதற்கு முன்பே தொடங்கி முற்பகல் வரை வடக்கிலிருந்து வீசுவது பெலெர். அது அடங்கியபின், மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து வருவது ஓரா. டொர்போலே வடமுனையில் இருப்பதால் ஓரா உங்களைக் கரைக்குத் தள்ளும், என்ன சொதப்பினாலும் ஊர்ப் பக்கமாகவே வந்து ஒதுங்கிவிடலாம். பெலெர் அப்படியில்லை, கரையிலிருந்து ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, ஏறுவதற்கு நல்ல இடமே குறைவு.

சிக்கல் என்னவென்றால், பெலெர் அடிக்கும்போது கரையோரம் காற்றுக்கு மறைவாக இருக்கும். தண்ணீர் அசையாது. போன கோடையில் புதிதாக வந்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "காற்றே இல்லையே, பெரிய பாயாகவே போட்டுக்கொள்கிறேன்" என்று, மதியம் வரை பொறுங்கள் என்று நாங்கள் சொன்னதையும் கேட்காமல் இறங்கினார். கொஞ்ச தூரம் போனதுமே வெள்ளை நுரை அலைகள். காற்றின் வேகம் 10 நாட் (knot, அதாவது மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) என்பதிலிருந்து 20 நாட் ஆனால் பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. பாயைத் தூக்குவார், விழுவார், மறுபடி தூக்குவார். கடைசியில் போர்டை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தத் தொடங்கினார்.

அங்கேதான் என் கோபமெல்லாம். போர்டு மிதக்கும், நீங்கள் களைத்துவிடுவீர்கள். காற்றை எதிர்த்து நீந்தவும் முடியாது, விட்ட போர்டை எட்டிப் பிடிக்கவும் முடியாது. பாய் தண்ணீரில் கிடந்தால் நங்கூரம் போல இழுத்துப் பிடித்து போர்டு அடித்துப் போகும் வேகத்தைக் குறைக்கும். அதனால் போர்டின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், உதவி கேட்பதற்கான சைகை அது. ஏரியின் இந்தப் பகுதியில் சாதாரண மோட்டார் படகுகளுக்குத் தடை, நண்பர்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு ஓடிவர முடியாது. அவரை மீட்புப் படகுதான் ஏற்றி வந்தது. வெட்சூட்டின் (குளிர் தாங்கத் தண்ணீரில் அணியும் இறுக்கமான உடை) ஜிப்பைத் திறக்கக்கூட விரல் மடங்கவில்லை, நாங்கள்தான் திறந்துவிட்டோம்.

ஆகவே ஏரியைப் பார்த்து நில்லுங்கள். காற்று லேசாகவேனும் முதுகில் படுகிறதா? புதியவர் இறங்க வேண்டாம். இறங்கலாம் என்ற நிலையிலும் பார்க்க வேண்டியது ஏரியின் நடுப்பகுதியை. அப்புறம், கொஞ்ச தூரம் போனதுமே திரும்பி, கிளம்பிய இடத்துக்கு வர முடிகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

நண்பரின் பாயை அப்படியே வாங்கிக்கொள்வது

90 கிலோ ஆளுக்குச் சரியாக இருக்கும் பாய் 60 கிலோ ஆளைத் தூக்கி எறியும்.

பாயைத் தொளதொளவென்று கட்டுவது

காற்று கூடக் கூட, மாஸ்ட்டின் (பாயைத் தாங்கும் கம்பம்) அடியில் பாயைக் கீழே இழுத்துக் கட்டும் கயிற்றை இன்னும் இழுக்க வேண்டும். அப்போதுதான் பாயின் மேல்பகுதியின் பின் ஓரம் தளர்ந்து, திடீரென அடிக்கும் காற்றை வழியவிடும். புதியவர்கள் அந்தத் தளர்வைக் கண்டு பயந்து கயிற்றை விட்டுவிடுகிறார்கள்.

முதுகை வளைத்துப் பாயைத் தூக்குவது

முழங்காலை மடியுங்கள்.

பாய் பலமாக இழுத்ததும் முன்பக்கக் கையை (மாஸ்ட்டுக்கு அருகில் பிடித்திருக்கும் கை) விடுவது

தளர்த்த வேண்டியது பின்பக்கக் கையை.

எல்லோரும் ஒன்றாக இறங்கிவிடுவது

ஒருவர் முறை வைத்துக் கரையில் இருக்கட்டும், கையில் போன் இருக்கட்டும். இத்தாலியில் அவசர எண் 112. யாருடைய பாய் என்ன நிறம் என்பதும், யார் எத்தனை மணிக்குள் திரும்புவதாகச் சொன்னார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.