பேசும் பறவை வாங்கும்போது கடைவாசலிலேயே நடக்கும் தவறுகள்

பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் பறவை வாங்க முதல்முறை வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எது நல்லா பேசும்?" என்பதுதான். கூண்டைச் சுத்தமாக வைப்பது, தினமும் தண்ணீர் மாற்றுவது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்தவை. பணம் கொடுக்கும் நேரத்தில் நடந்து, பிறகு திருத்த முடியாமல் போகிற தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

பச்சைக்கிளி

வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளையும் மலை மைனாவையும் விற்பது, வாங்குவது, வளர்ப்பது குற்றம். ஊரில் தாத்தா வீட்டில் கிளி இருந்தது என்பதெல்லாம் செல்லாது.

சீக்கிரம் பேசும் என்று ஊட்டுக் குஞ்சு வாங்குவது

இறகு சரியாக முளைக்காத காக்டீல் (கொண்டையுள்ள சிறு வெளிநாட்டுக் கிளி) குஞ்சு ஒன்று, கூடவே ஒரு சிரிஞ்சு, ஒரு மாவுப் பாக்கெட். "நீங்களே ஊட்டினா உங்களைத்தான் அம்மான்னு நினைக்கும், சீக்கிரம் பேசும்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கைக்குப் பழகும் என்பது உண்மை. பேசும் என்பது பொய். பேச்சுக்கு வேண்டியவை இனம், ஆண்பறவை, இளவயது, நாள்முழுக்கக் காதில் விழும் மனிதக் குரல். சிரிஞ்சுக்கு அதில் வேலையே இல்லை. இருந்தும் வாரந்தோறும் இப்படிக் குஞ்சுகள் சாவதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

ஊட்டும் மாவு 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, வெப்பமானி வேண்டும். ஆறிப்போன மாவைக் கொடுத்தால் தீனிப்பை (கழுத்தடியில் தீனி தங்கும் பை) இயங்காமல் நின்று, உள்ளேயே புளித்துவிடும். சூடு 43ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துபோகும். அது அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்துக் கழுத்தடியில் தோல் கருகி, ஓட்டை விழுந்து, ஊட்டிய மாவு வெளியே வழியும்போதுதான் தெரியும். அதன்பின் அறுவை சிகிச்சைதான். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஆபத்து இன்னும் அதிகம். மேலே வெதுவெதுப்பாகவும் நடுவே கொதிப்பாகவும் இருக்கும்.

அளவிலும் இதே சிக்கல். ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு: 70 கிராம் குஞ்சுக்கு 7 மில்லி. அலகின் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நோக்கி மெல்ல விட வேண்டும். அவசரமாக அழுத்தினால் மூச்சுக்குழாயில் போய்விடும். குஞ்சு அங்கேயே சாகும், இல்லையென்றால் நிமோனியா வரும். கணவன் மனைவி இருவரும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற வீட்டில், மதிய வேளைக்கு யார் ஊட்டுவது? பெங்களூரு டிசம்பர் இரவில் இறகில்லாத குஞ்சுக்குச் சூடு யார் கொடுப்பது?

தானே தின்னும் குஞ்சையே கேளுங்கள். பட்ஜி என்ற சிறு ஆஸ்திரேலியக் கிளி ஆறு வாரத்துக்கு மேல், காக்டீல் பத்து வாரத்துக்கு மேல். கடையில் கால்மணி நேரம் நின்று, அது தினையின் உமியை உடைத்துத் தின்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கொத்திச் சிதறுவது தின்பதாகாது. நெஞ்செலும்பு கத்திமுனைபோல் துருத்தி நின்றாலோ ஆசனவாய் இறகில் எச்சம் ஒட்டியிருந்தாலோ வேண்டாம்.

எந்தப் பறவை

முதல் பறவைக்கு ஆண் பட்ஜி போதும். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான்; உண்மையான லவ் பேர்ட் பேசுவது அபூர்வம். அதனால் பெயர் சொல்லிக் கேட்காமல், பறவையைக் காட்டிக் கேளுங்கள். நெற்றிக்கோடுகள் அலகுவரை இறங்கியிருந்தால் இளங்குஞ்சு (வெள்ளை, மஞ்சள் வகைகளில் கோடு தெரியாது). மூக்குத்துளையைச் சுற்றிய தோல் முழுக்க ஒரே சீராக ஊதா கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ஆண். துளையைச் சுற்றி வெண்வளையம் இருந்தால் பெண். காக்டீல் ஆணும் சில சொற்கள் பேசும், ஆனால் அதன் திறமை சீட்டியில்தான்.

ஜோடி

ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், உங்களோடு பேசாது. ஆனால் ஒற்றைப் பறவை வாங்கினால் தினமும் சில மணி நேரம் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் பேச்சை மறந்துவிட்டு ஜோடியாகவே வாங்குங்கள். பறவைக்கு அதுதான் நல்லது.

கூண்டுக்குள் கண்ணாடி

வைக்காதீர்கள். அதில் தெரியும் பிம்பமும் பறவைக்கு ஜோடிதான்.

முதல் பறவையே ஆப்பிரிக்கன் கிரே

இந்தச் சாம்பல் நிறப் பெரிய கிளி தெளிவாகப் பேசும். ஆனால் பெரும்பாலும் ஒரு வயதுக்குப் பிறகுதான். நாற்பது ஆண்டுக்கு மேலும் வாழும். தனியாக விட்டால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அதன் இறகுப்பொடி ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு ஆகாது. அழிவு அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 2017 முதல் இருக்கிறது. 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் வேண்டும். விற்பவரிடம் காகிதம் இல்லையென்றால் பேரம் பேசவே வேண்டாம்.

"மூணு மாசமாச்சு, பேசலையே"

காலையும் மாலையும் பத்து நிமிடம் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். முதல் சொல் வரும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள். பட்ஜியின் குரல் மெலிது, வேகமோ அதிகம். வெறும் முணுமுணுப்பு என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். மத்தியானம் அது தனியே முனகும்போது போனில் பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த "வாடா கண்ணா" அதற்குள் இருக்கலாம்.