ஆதி சபையிடம் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் எந்த ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும், அது கோயம்புத்தூரின் பழைய ஆலயமாக இருந்தாலும் சரி, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த கூடமாக இருந்தாலும் சரி, "ஆண்டவரே, எங்களை ஆதி சபையைப் போல மாற்றும்" என்ற ஜெபம் ஒரு தடவையாவது காதில் விழும். அப்போஸ்தலர் காலத்தில் எருசலேமில் தொடங்கிய முதல் சபையைத்தான் ஆதி சபை என்கிறோம். நல்ல ஜெபம்தான். ஆனால் எதைப் பார்த்து ஆசைப்படுகிறோம்? ஒரே நாளில் மூவாயிரம் பேர் சேர்ந்தது, சிறைக்கதவு திறந்தது, முடவன் எழுந்து நடந்தது எல்லாம் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. அவர்கள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பணத்தை எப்படிக் கையாண்டார்கள், வாரம் முழுக்க என்ன வேலை செய்தார்கள் என்பது பதிவதில்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவு வரை நமக்கு வேண்டியதோ இந்தப் பாடங்கள்தான்.

முதலில், குறையே இல்லாத ஒரு சபை அங்கே இருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆதி சபையின் கதையைச் சொல்லும் வேதப் புத்தகமான அப்போஸ்தலர் நடபடிகளை இரண்டாம் அதிகாரத்தோடு மூடி வைத்தால் அப்படித்தான் தோன்றும். ஐந்தாம் அதிகாரத்தில் பண விஷயத்தில் பொய் வருகிறது. ஆறில் சாப்பாட்டில் பாரபட்சம். பதினைந்தில் பெரிய வாக்குவாதம். அந்த அதிகாரம் முடியும் முன்பே பவுலும் பர்னபாவும் மாற்குவை முன்னிட்டுப் பிரிந்து ஆளுக்கொரு வழியில் போகிறார்கள். கொரிந்துச் சபையோ, நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டிக்கொண்டு நின்றது. இதைப் பார்க்காதவர்கள்தான் "இந்தச் சபையில ஆவி இல்லைங்க" என்று ஈரோட்டில் ஒரு சபை, பெருந்துறையில் ஒரு சபை என மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் தேடுகிற சபை எருசலேமிலேயே இருந்ததில்லை. சண்டை வந்தபோது அதை எப்படித் தீர்த்தார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஆறாம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். எருசலேமில் எபிரெய மொழி பேசிய யூத விசுவாசிகள் உள்ளூர்க்காரர்கள். கிரேக்கம் பேசியவர்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தினசரி உணவுப் பங்கீட்டில் கிரேக்க விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் "முறுமுறுக்காதீர்கள், அது பாவம்" என்று பிரசங்கம் பண்ணி அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, பங்கீட்டையே அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிலிருந்தே ஆட்களைப் பொறுப்பில் வைத்தார்கள் என்று வேத அறிஞர்கள் பலர் இதனால் கருதுகிறார்கள்.

திருப்பூரிலும் பல்லடத்திலும் இன்று ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். அவர்களில் விசுவாசிகளும் உண்டு. ஆராதனைக்கு வருகிறார்கள், பாதி புரிகிறது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் இடையில் கமிட்டித் தேர்தலில் வரும் உரசல் தனிக்கதை. இந்த முறுமுறுப்பை விசுவாசக் குறைவு என்று ஒதுக்குவது பெரிய தவறு. ஒடியா பேசும் ஒரு தம்பியைக் கமிட்டியில் உட்கார வைத்து, அவர்கள் தங்கியிருக்கும் அறைகளுக்கான உதவிப் பணத்தை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். அப்போஸ்தலர்கள் செய்தது அதுதான்.

பந்தியில் நடப்பது

"ஆதி சபை வீட்டில்தானே கூடியது, அதனால் வீட்டுச் சபைதான் வேதத்தின்படி சரி" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடுகளில் கூடியது உண்மை. 313இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் சட்டப் பாதுகாப்பு கிடைக்கும் வரை, சபைக்கென்றே எழுப்பிய கட்டடங்கள் அபூர்வம். சிரியாவின் தூரா யூரோப்போஸில் தோண்டியெடுத்த மூன்றாம் நூற்றாண்டு ஆலயமும் ஒரு வீட்டை மாற்றியமைத்ததுதான். ஆனால் வீட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் போட்ட பந்தியை விட்டுவிட்டோம்.

வசதியான ரோமானிய வீட்டின் உணவுக்கூடத்தில் சுமார் ஒன்பது பேர் சாய்ந்து சாப்பிடலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான். கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முன்னதாகவே சாப்பிட்டு முடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் கொதித்து எழுதுகிறார். "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று முடிக்கிறார். திருவிருந்தைப் பற்றி நாம் மாதந்தோறும் கேட்கும் அந்தப் பகுதி முழுவதும் ஒரு சாப்பாட்டுத் தகராறிலிருந்து வந்தது.

நம் அன்பின் விருந்துகளைக் கொஞ்சம் பாருங்கள். முதல் பந்தியில் கமிட்டிக்காரர்கள், சிறப்பு விருந்தினர், காணிக்கை அதிகம் கொடுக்கும் குடும்பங்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக ஆராதனைக்கு வந்த பையன் செருப்பு விடுகிற இடத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கிறான். மூன்றாவது பந்தியில் அவனுக்கு வட்டல் கிடைக்கும்போது போசியில் பிரியாணிச் சோறு இருக்கும், கறி இருக்காது. "இருக்கறத வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க தம்பி" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். பவுல் அந்தக் கூடத்துக்குள் வந்தால் பிரசங்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார், இந்த மூன்றாவது பந்தியைப் பற்றித்தான் கேட்பார்.

இதைவிட வலிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபுவிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அவரோடு இழுப்புண்டு போனார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. இது நம் வீடுகளில் நடக்கிறது. டவுனில் வாடகை வீட்டில் இருக்கும்போது சபையில் எல்லோரும் வந்து போகிறார்கள், எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான். ஊரிலிருந்து ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்திருக்கும் நாளில் மட்டும் அதே சகோதரருக்குத் திண்ணையில் நாற்காலி, பேப்பர் கப்பில் காப்பி. யாரும் ஒரு கடுஞ்சொல்லும் சொல்வதில்லை. அவருக்குப் புரிந்துவிடும். பிறகு அந்த வீட்டு ஜெபத்துக்கு அவர் வர மாட்டார், "சகோதரர் பின்வாங்கிப் போயிட்டார்" என்று நாம் ஜெபக் குறிப்பில் எழுதுவோம். சாதியை ஞானஸ்நானத் தண்ணீரில் விட்டுவிட்டோம் என்று சாட்சி சொல்வது சுலபம். அதற்குப் பரீட்சை, ஒரம்பரை வந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வைக்கிற டம்ளர்தான்.

நோம்பிச் சாப்பாடு

மாரியம்மன் நோம்பிக்கும் குலதெய்வக் கோயில் கிடாவெட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து அழைக்கிறார். போகலாமா? இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் கையிலேயே வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் எல்லாவற்றிலும் கலந்துகொண்டு, கேட்டால் "ஊரோட ஒத்து வாழணுமுங்க" என்கிறார்கள்.

கொரிந்தில் இதே கேள்வி வந்தது. பவுலின் பதில் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரங்களுக்கு நீள்கிறது, அவசரப்படாமல் வாசிக்க வேண்டியது. கோயில் பந்தியில் போய் உட்கார வேண்டாம், அது வேறொரு மேசையில் பங்கெடுப்பது என்கிறார். கடைத்தெருவில் விற்கும் இறைச்சியை விசாரிக்காமல் வாங்கலாம். அவிசுவாசி ஒருவர் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்து, போக உங்களுக்கு மனதிருந்தால், போய் வைத்ததைச் சாப்பிடலாம். "இது படைத்தது" என்று யாராவது சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாமல் இருங்கள். இவ்வளவு நுணுக்கமாக அவர் பிரித்துச் சொல்லக் காரணம், விசுவாசி தன் ஊரை விட்டு ஓடிவிடக் கூடாது என்ற அக்கறைதான். கோயிலில் பூசைக்கு நிற்காதவர், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் முதல் ஆளாகப் போய் நிற்கலாம். இழவு வீட்டுக்குச் சொல்லாமலே போகலாம், போக வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஜெபத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர் வைத்து, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டால், அதை உபத்திரவம் என்று சாட்சி சொல்லாதீர்கள். கிறிஸ்தவனாகப் பாடுபடுவதையும், அந்நிய காரியங்களில் தலையிட்டுப் பாடுபடுவதையும் பேதுரு தன் முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் தனித்தனியாக வைத்திருக்கிறார்.

தறியும் சாயமும்

ஊழியம் என்றால் மைக் பிடிப்பது, தொழில் என்றால் உலகக் காரியம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். தறி ஓட்டுகிறவர்களும் சாயப்பட்டறைக்காரர்களும் நிறைந்த இந்த ஊர்களில் இது வருத்தமான தவறு, ஏனென்றால் ஆதி சபை முழுக்கத் தொழில் செய்தவர்களால் ஆனது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்கிறவர்கள். பவுல் கொரிந்தில் அவர்கள் வீட்டில் தங்கி அதே வேலையைச் செய்தார். லீதியாள் தீயத்தீரா ஊர்க்காரி, இரத்தாம்பரம் விற்கிறவள். தீயத்தீராவில் சாயத் தொழிலாளர் சங்கம் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. துணியும் சாயமும் விற்கிற ஒரு பெண்ணின் வீட்டில்தான் பிலிப்பிச் சபை கூட ஆரம்பித்தது என்பது திருப்பூரில் ஏன் அடிக்கடி பிரசங்கிக்கப்படுவதில்லை என்று எனக்குப் புரிவதில்லை.

அவர்களுடைய விசுவாசம் தொழிலில் எப்படித் தெரிந்தது? சுமார் 112இல், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களை விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறார். குறிப்பிட்ட நாளில் விடியும் முன்பே கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன வாக்கை மீறுவதில்லை, நம்பி ஒப்படைத்ததைத் திருப்பிக் கேட்டால் மறுப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி இரண்டைப் பாருங்கள். அவை வியாபாரத்தில் சோதிக்கப்படுபவை.

ஏலச்சீட்டு, பைனான்ஸ், கைமாற்று இல்லாமல் கொங்கில் ஒரு தெருவும் இல்லை. ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்கள் ஈரோடு பக்கம் நிறைய. இங்கே ஒரு விசுவாசி சீட்டுப் பணத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பது, பேசிய கூலியைச் சனிக்கிழமை இழுத்தடிக்காமல் கொடுப்பது, ராத்திரி மழை பெய்யும்போது சாயக் கழிவை நொய்யல் ஆற்றில் திறந்துவிடாமல் இருப்பது எல்லாம் அந்த உறுதிமொழியின் தொடர்ச்சி. கழிவுநீர் வெளியேறாதபடி சுத்திகரிக்கவில்லை என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டுப்போனது எல்லோருக்கும் தெரியும். கோர்ட் சொல்லும் முன்பே சபை பேசியிருக்க வேண்டிய விஷயம் அது. அறுத்தவர்களின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதைப் பட்டறை முதலாளிகள் உட்கார்ந்திருக்கும் ஆராதனையில் தைரியமாக வாசியுங்கள்.

காணிக்கைப் பெட்டி

நிலம் விற்ற பணத்தில் பொய் சொல்லி விழுந்து இறந்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையைச் சொல்லிக் காணிக்கை வசூலிப்பது மோசமான தவறு. பேதுரு அனனியாவிடம் கேட்டது என்ன? விற்கும் முன் அது உன்னுடையதாயிருக்கவில்லையா, விற்ற பின்பும் அந்தப் பணம் உன் வசத்தில் இருக்கவில்லையா? முழுவதையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுவதும் கொடுத்ததாகக் காட்டிய பொய்தான் பாவம். கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடியே கொடுக்கட்டும் என்று பவுலும் கொரிந்தியருக்கு எழுதினார். நிலம் விற்ற பர்னபாவை உதாரணம் காட்டி, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையைக் கழற்ற வைக்கிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்து தீர்க்கதரிசனம் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பற்றியும் ஆதி சபைக்குத் தெரிந்திருந்தது. முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த திதாக்கே என்ற சிறு நூல் இதைப் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. வருகிற அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இரண்டு நாள்; மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் போதும். பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. கன்வென்ஷனுக்கு ஆள் கூப்பிடும் கமிட்டிகள் இதை ஒரு முறை உரக்க வாசித்துவிட்டுத் தேதி குறிக்கலாம்.

பவுல் தம்மையும் சும்மா விடவில்லை. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தின் காரியத்தில் தம் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு இரண்டு சகோதரரையும் அனுப்பினார். ஒருவரும் தங்கள்மேல் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று காரணமும் எழுதினார். பாஸ்டர் நல்லவர்தானே, கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கலாம்.

சுமார் 197இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், தங்கள் சபையின் மாதக் காணிக்கை எதற்குச் செலவாகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்: ஏழைகளுக்குச் சாப்பாடு, அவர்களை அடக்கம் செய்வது, தாய் தகப்பனில்லாத பிள்ளைகள், வேலை செய்து ஓய்ந்த முதிய அடிமைகள், கப்பல் உடைந்து நின்றவர்கள், விசுவாசத்துக்காகச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் இருந்தவர்கள். யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை, விருப்பமும் வசதியும் உள்ளவர் கொடுத்தார் என்கிறார். உங்கள் சபையின் போன வருட வரவு செலவுப் புத்தகத்தை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பிரித்து, இந்தப் பட்டியலில் இருப்பவர்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு போயிருக்கிறது, சவுண்ட் சிஸ்டத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் எவ்வளவு போயிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். முதல் வகைக்குத் தனித் தலைப்பே இல்லையென்றால், புதுப் பக்கத்தில் ஒன்றைத் திறந்து, இந்த மாதமே எழுத ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.