ஆம்ப்ளிஃபயரை மாற்றவா, ரிலேயை மாற்றவா?

குளச்சலில் கடலை ஒட்டிய வீடு. உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காது, ஆம்ப்ளிஃபயர் எம்மாத்திரம்! வலது பக்க ஒலி மங்கும், கரகரக்கும்; வால்யூமைக் கூட்டினால் 'டக்'கென்று தெளிந்துவிடும். நாகர்கோவில் கடையில் புதிதே வாங்கச் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது.

ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டேன். கோளாறு இடது ஸ்பீக்கருக்குப் போனது. சரி, ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. அப்புறம் இன்புட் வயர்களை மாற்றினேன், கோளாறு நகரவில்லை. அப்படியானால் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேதான்.

வால்யூம் கூட்டினால் சரியாகிறது என்றால் முதல் சந்தேகம் ஸ்பீக்கர் பாதுகாப்பு ரிலே (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சின்ன மின்சுவிட்ச்) மேல்தான். அதன் முனைகளில் கறுப்புப் படிந்தால் சின்ன சிக்னல் தடுமாறும், பெரியது உடைத்துக்கொண்டு போகும். தெரிந்த மெக்கானிக் அண்ணன் பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வைத்தார். (இதில் அவசரம் உயிருக்கே ஆபத்து.) கழற்றிய ரிலேயின் மூடியைத் திறந்தால் முனைகள் கரிபிடித்துக் கிடந்தன. உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும் என்று, அதே வோல்ட், அதே ஆம்பியரில் புதியதைப் பற்றவைத்தார்.

கெப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை, இரைச்சலும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் மட்டும் புதிதுக்குப் போயிருப்பேன்.