சீனிக்கிழங்க ஓவன்ல வைக்கிறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

மதுரைல இப்ப நிறைய வீட்ல ஓடிஜிங்கற சின்ன கரண்ட் ஓவன் இருக்கு, கேக்குக்குன்னு வாங்குனது மத்த நாள்ல சும்மாதான கெடக்குன்னு சீனிக்கிழங்க, அதாங்க சர்க்கரைவள்ளிக்கிழங்க, வெட்டி கருப்பட்டி ஊத்தி உள்ள வைக்கிறாங்க, எடுத்துப் பாத்தா மேல கருகி கசக்குது, உள்ள மாவா சப்புன்னு இருக்கு. உடனே அடுத்த தடவ கருப்பட்டிய ரெண்டு மடங்கா போடுறாங்க. அது வேணாங்க. வேண்டிய இனிப்பு கிழங்குக்குள்ளயே இருக்கு, நாம அவசரப்படுறதுலதான் அது வராமப் போகுது.

கிழங்குல பீட்டா அமிலேஸ்னு ஒரு நொதி இருக்கு. உள்ள சூடு 60 டிகிரிய தாண்டி மாவுச்சத்து இளக ஆரம்பிச்சதும் அது அந்த மாவ மால்டோஸ்ங்கற சர்க்கரையா மாத்தும், 80 டிகிரி பக்கம் போயிட்டா அந்த நொதியே செயலிழந்துரும். அதனால கிழங்கோட நடுப்பகுதி அந்த இடைப்பட்ட சூட்டுல எவ்வளவு நேரம் நிக்குதோ அந்த அளவுக்கு இனிப்பு. மைக்ரோவேவ்ல படக்குன்னு வேகவச்சது சப்புன்னு இருக்கறதும், ஊர்ல அடுப்பு சாம்பல்ல புதச்சு மெதுவா சுட்டது தேனா இனிக்கறதும் இதனாலதான்.

கேக்குக்கு மாதிரி 200ல முன்னாடியே சூடு பண்ணி வைக்காதீங்க. அர கிலோ கிழங்க ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரே மாதிரி வெட்டி, நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன், உப்பு அர ஸ்பூன் பிரட்டி, தட்டுல ஒன்னு மேல ஒன்னு ஏறாம பரப்பி, ஃபாயில் போட்டு மூடி சூடாகாத ஓவன்லயே வச்சு 150ல கீழ் ராடு மட்டும் போட்டு விடுங்க, முக்கால் மணி நேரம் ஆகும், கத்தி வழுக்கிட்டு இறங்கணும். குக்கர்ல ரெண்டு விசில் விட்டுட்டு அப்புறம் ஓவன்ல வைக்கலாமேன்னு கேப்பாங்க, வேணாம், சீக்கிரம் வெந்துரும்தான் ஆனா தண்ணி ஏறி கொழகொழன்னு ஆயிரும், அந்த இனிப்பும் அவ்வளவா ஊறாது.

கருப்பட்டிய ஆரம்பத்துலயே ஊத்துறது அடுத்த தப்பு. 50 கிராம் கருப்பட்டிய கால் டம்ளர் தண்ணில கரச்சு கண்டிப்பா வடிகட்டுங்க, மண்ணு இருக்கும், பல்லுல நறநறங்கும். கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டு லேசா பிசுக்குன்னு வர்ற வரைக்கும் காய்ச்சி, கிழங்கு வெந்தப்புறம் ஃபாயில எடுத்துட்டு மேல ஊத்தி, மேல் ராடையும் போட்டு 200ல கடைசி பத்து நிமிஷம் மட்டும் வைங்க, பக்கத்துலயே நில்லுங்க. எடுத்ததும் அர மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திகட்டாது. உடன்குடி கருப்பட்டி கெடச்சா ரொம்ப நல்லது, இல்லாட்டி மண்டவெல்லம் போதும், சீனி மட்டும் வேணாம், அந்த வாசன வராது.

வாங்குறப்பவே பண்ற தப்பும் இருக்கு. பொங்கலுக்கு முந்துன நாள் மாட்டுத்தாவணி மார்க்கெட்ல குமிச்சு வச்சிருக்கறதுல மண்ணு ஈரம் காயாத புதுக்கிழங்கு இருக்கும், பாக்க நல்லா இருக்கும், ஆனா தோண்டுன உடனே இனிப்பு கம்மி. ஒரு வாரம் முன்னாடியே வாங்கி கழுவாம காத்தோட்டமா வெங்காயக் கூடைல போட்டு வைங்க, மாவு கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா மாறும். ஃப்ரிட்ஜ்ல வச்சுராதீங்க, குளிர் தாங்காது, நடுவுல கட்டியாவே நிக்கும், எவ்வளவு வேகவச்சாலும் இளகாது. தோல்ல சின்னச் சின்ன கருப்பு ஓட்ட இருந்தா கூன்வண்டு பூந்துருக்குன்னு அர்த்தம், அந்த இடத்த மட்டும் சீவிட்டு மீதிய போடலாம்னு நெனைக்காதீங்க, கசப்பு முழுக்க ஏறியிருக்கும், அத தூக்கிப் போட்ருங்க.

சாம்பார் சாதம், காரமான கோழி வறுவல், தயிர் சாதம் எல்லாத்துக்கும் தொட்டுக்க நல்லாருக்கும். சுகர் உள்ளவங்களுக்கு இது வேணாம், அவிச்ச கிழங்க விட சுட்ட கிழங்கு ரத்தத்துல சர்க்கரைய வேகமா ஏத்தும், அதுக்கு மேல கருப்பட்டி வேற. அவங்களுக்குன்னு ரெண்டு துண்டு தனியா தண்ணில அவிச்சு மிளகுத்தூள் போட்டு குடுங்க, அதுவும் அளவா.