பெயர் மாறினால் வேலையும் மாறும்: கமாண்ட் லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் ஒரு புரோகிராமை எந்தப் பெயரில் அழைத்தோம் என்பதும் அதற்குப் போய்ச் சேர்கிறது. சி மொழியில் அது ஆர்க்வி என்ற பட்டியலின் முதல் இடமான ஆர்க்வி[0]. சில புரோகிராம்கள் அதைப் பார்த்துத்தான் என்ன செய்வதென்றே முடிவு செய்கின்றன.

அதிகம் பேர் சிக்குவது ஷெல் ஸ்கிரிப்ட்டில், அதாவது கமாண்டுகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைலில். பாஷ் என்ற ஷெல்லுக்காக (கமாண்டுகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) எழுதியதை 'எஸ்எச்' என்ற கமாண்ட் போட்டு ஓட்டுவார்கள். முதல் வரியில் பாஷ் என்று இருக்கிறதே என்ற தைரியம்! இப்படி ஓட்டும்போது அந்த வரி வெறும் கமென்ட். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 முதல் எஸ்எச் என்றால் டாஷ் என்ற வேறொரு ஷெல். பாஷில் நிபந்தனை எழுதும் இரட்டைச் சதுர அடைப்புக்குறியைப் பார்த்தால், அப்படியொரு கமாண்டே இல்லை என்று சொல்லிவிட்டு, நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. ஃபெடோராவில் எஸ்எச் என்பதும் பாஷ்தான், ஆனால் அந்தப் பெயரில் அழைத்தால் அது போசிக்ஸ் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் முறைக்கு மாறிவிடும். புள்ளி கமாண்டால் சேர்க்கும் ஃபைல் காணாமல் போனால், வழக்கமான பாஷ் பிழை காட்டிவிட்டுத் தொடரும். போசிக்ஸ் முறையில் ஸ்கிரிப்ட்டே அங்கு முடிந்துவிடும்.

அடுத்தது பிஸிபாக்ஸ்: பல கமாண்டுகளை உள்ளே அடக்கிய ஒரே புரோகிராம். ஆல்பைன் லினக்ஸில் எல்எஸ், சிபி போன்றவை எல்லாம் ஒரே பிஸிபாக்ஸுக்கான லிங்க்குகள். அந்த பைனரிக்கு 'பிபி' என்று பெயர் மாற்றி ஓட்டினால், அந்தப் பெயரில் ஆப்லெட் (உள்ளே அடங்கிய கமாண்ட்) இல்லை என்று கையை விரித்துவிடும். லிங்க்குக்குப் பதிலாக, உள்ளே பிஸிபாக்ஸை அழைக்கும் ஒரு குட்டி ஸ்கிரிப்ட்டை எல்எஸ் என்ற பெயரில் வைப்பதும் உதவாது. பிஸிபாக்ஸுக்குப் போய்ச் சேர்வது அதன் சொந்தப் பெயர்தானே. ஆப்லெட்டின் பெயரையும் சேர்த்து எழுதினால் சரி. ஏலியாஸும் (ஷெல்லில் ஒரு கமாண்டுக்கு வைக்கும் மாற்றுப் பெயர்) அப்படித்தான்: நீங்கள் அடித்த பெயர் ஷெல்லோடு நின்றுவிடும்.

புரோகிராம் எழுதுபவர்கள் செய்யும் தவறு இதைவிட ஆபத்தானது: ஆர்க்வி[0]-ஐ நம்புவது. அதை நிரப்புவது அழைப்பவர். பாஷில் 'எக்ஸெக் -ஏ' போட்டால் எந்தப் பெயரையும் கொடுக்கலாம். அது இருந்தே தீரும் என்றும் நினைக்கக் கூடாது. வேறொரு பயனரின் உரிமையோடு கமாண்டை ஓட்ட உதவும் பிகேஎக்ஸெக் அப்படி நினைத்தது. காலியான ஆர்க்வி பட்டியலுடன் அழைத்தபோது, பட்டியலைத் தாண்டி என்விரான்மென்ட் மாறிகளைப் படித்தது. சாதாரணப் பயனர் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனர் ஆக வழி திறந்தது. 2009-இல் நுழைந்த இந்த ஓட்டையை குவாலிஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் வெளியிட்டது. லினக்ஸ் கெர்னல் 5.18 முதல், பட்டியல் காலியாக வந்தால் கெர்னலே ஒரு வெற்றுச் சரத்தை அதில் போட்டுவிடுகிறது.