பிழைச் செய்தியில் மதிப்பையும் எழுதுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் லாரியை ஏற்றி எடை போடும் எடைமேடைக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். சீசனில் ராத்திரியிலும் மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் திரையில் 'நிகர எடை தவறு' என்று மட்டும் வந்தால் மேடையில் இருப்பவருக்கும் ஒன்றும் புரியாது, போனில் கேட்கும் எனக்கும் புரியாது. அதே பிழையை நான் இப்படி எழுதுவேன்:

'எடை-14: நிகர எடை கணக்கிட முடியவில்லை. சீட்டு 1187. மொத்த எடை 6420 கிலோ, வெற்று எடை 13880 கிலோ. மொத்த எடைதான் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் மாறிப் பதிவாகியிருக்கலாம்.'

மொத்த எடை சரக்கோடு லாரியின் எடை, வெற்று எடை காலி லாரியின் எடை. செய்தியைப் படித்தவுடன் நிரலைத் திறக்காமலே விஷயம் தெரிந்துவிடும். என்ன செய்யப் போனது, கையில் என்ன மதிப்பு இருந்தது, எது இருந்திருக்க வேண்டும் என மூன்றும் இதில் உண்டு. கடைசி வரி மட்டும் ஊகம். அதனால்தான் 'லாம்' போட்டிருக்கிறேன். ஊகத்தை உறுதியாக எழுதினால் பிழை தேடுபவர் தப்பான இடத்தில் மணிக்கணக்கில் தோண்டுவார்.

முன்னால் உள்ள 'எடை-14' எந்தப் பதிப்பிலும் மாறக் கூடாது. வாக்கியத்தை நாளைக்குத் திருத்தினாலும், அந்த எண்ணை வைத்து நிரலிலும் பழைய பதிவுகளிலும் தேடலாம். போனில் சொல்லவும் சுலபம்.

மதிப்பை எழுதும்போது மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். 'ரகம் கிடைக்கவில்லை: பெங்களூரா' என்று வந்தால், மாங்காய் ரகப் பட்டியலில்தான் பெங்களூரா இருக்கிறதே என்று குழம்பிப் போவோம். குறிக்குள் 'பெங்களூரா ' என்று வந்தால் கடைசியில் ஒட்டிய இடைவெளி கண்ணில் படும். பைதான் மொழியில் 'ரெப்ர்' (repr) என்ற செயற்கூறு இதைத் தானாகவே செய்யும்.

அப்புறம், அடியில் எழுந்த பிழையை விழுங்காதீர்கள். எடைகாட்டியிலிருந்து வரும் கேபிள் கழன்றதால், அது கணினியில் சேரும் சீரியல் போர்ட்டில் பிழை எழுகிறது. அதைப் பிடித்து 'சீட்டு அச்சிட முடியவில்லை' என்று புதிதாக ஒன்றை எழுப்பினால் கேபிள் கதை மறைந்துபோகும். பைதானில் பிழையை எழுப்பும் 'ரெய்ஸ்' (raise) வரியோடு 'ஃப்ரம்' (from) சேர்த்தால் மூலப் பிழையும் கூடவே வரும். ஜாவாவில் புதிய பிழைக்குள் பழையதைக் 'காஸ்' (cause, காரணம்) ஆகக் கொடுக்க வேண்டும். பைதான் 3.11 முதல் பிழையோடு குறிப்பு சேர்க்கும் 'ஆட் நோட்' (add_note) இருக்கிறது. பிழை மேலே ஏறி வரும் வழியில் சீட்டு எண்ணை அதில் ஒட்டிவிடலாம்.

மதிப்பை எழுதச் சொன்னேன் என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். விவசாயியின் வங்கிக் கணக்கு எண், ஆதார், கடவுச்சொல் எதுவும் செய்தியிலும் வரக் கூடாது, நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பிலும் வரக் கூடாது. திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அது எங்கெங்கோ போகும். சீட்டு எண் ஒன்றே போதும், மற்றதை நாம் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

புதுப் பதிப்பைக் கொடுக்கும் முன் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், ரகத்தின் பெயரைத் தப்பாக அடித்துப் பாருங்கள். வரும் செய்தியை அந்த நிரலை எழுதாத ஒருவரிடம் காட்டி, அடுத்து என்ன செய்வார் என்று கேளுங்கள். அவர் உங்களையே திருப்பிக் கேட்டால், அவர் கேட்ட விவரத்தைச் செய்தியில் சேருங்கள்.