பந்தின் துள்ளலைக் காதால் அளப்போம், உராய்வைக் கண்ணால் பார்ப்போம்

டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் பந்து எவ்வளவு உயரம் எழும்புகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஸ்கேலில் படிப்பதற்குள் அது கீழே வந்துவிடும். அதனால் நான் சத்தத்தை அளக்கச் சொல்வேன்.

போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டுத் தரையில் வையுங்கள். டென்னிஸ் பந்தை இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விடுங்கள். தள்ள வேண்டாம், விரல்களை விலக்கினாலே போதும். டக், டக், டக் என்று மூன்று சத்தம் கேட்கும். இரண்டாவது இடைவெளியை முதல் இடைவெளியால் வகுத்தால் 0.75-ஐ ஒட்டி வரும். கிளம்பும் வேகத்துக்கு ஏற்பத்தான் பந்து காற்றில் இருக்கும் நேரமும். அதாவது மோதிய வேகத்தில் முக்கால் பங்கோடு பந்து கிளம்புகிறது. விழுந்த உயரத்தில் எத்தனை பங்கு எழும்பும் என்று தெரிய இந்த எண்ணை வர்க்கப்படுத்துங்கள். போட்டிகளில் ஆடும் வழக்கமான பந்து 254 செ.மீ.யிலிருந்து விழுந்தால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. எழும்பும் உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், ஏறத்தாழ அதே முக்கால்தான்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். கெட்டி ரப்பரில் வரும் குட்டி ஜம்பிங் பந்து ஒன்று வாங்கி, மார்க்கரால் அதைச் சுற்றிக் கோடு போடுங்கள். சுழற்றாமல் தரையில் சாய்வாக எறிந்து ஸ்லோமோஷனில் படம் எடுங்கள். சுழலாமல் வந்த கோடு, தரையைத் தொட்டதும் வேகமாகச் சுழலும். உராய்வு பந்தின் அடியைப் பின்னுக்கு இழுத்து, முன்வேகத்தில் ஒரு பங்கைச் சுழற்சியாக்கிவிட்டது. அடுத்த மோதலில் உராய்வு எதிர்த்திசையில் தள்ளும். சுழற்சி குறைந்து முன்வேகம் கூடும். அதனால்தான் முதல் தாவலைவிட இரண்டாவது தாவல் நீளமாக இருக்கிறது.

அப்புறம், அதே பந்தை மர மேசைக்கு அடியில் சாய்வாக, வேகமாக எறியுங்கள். தரையில் பட்டு மேலே போய் மேசையின் அடிப்பலகையில் மோதும். தரையில் கிடைத்த சுழற்சியால், அங்கே பந்தின் மேல்பக்கம் பலகையில் முன்னோக்கித் தேய்கிறது. உராய்வு அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பந்து மறுபடி தரையில் பட்டு உங்களிடமே திரும்பி வரும்! குறுக்குச் சட்டத்தில் பட்டால் திசை மாறிவிடும், நடுப்பலகையைக் குறிவையுங்கள்.

உராய்வுதான் காரணம் என்பதில் சந்தேகமிருந்தால், பந்தைக் கேரம் பவுடரில் புரட்டிவிட்டு எறியுங்கள். பெரும்பாலும் மேசையின் மறுபக்கம் வழியாக ஓடிவிடும். சிந்திய பவுடரை உடனே துடையுங்கள், வழுக்கும். திரும்பும் பந்து முகத்தை நோக்கித்தான் வரும் என்பதால், எறிந்த கையோடு கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.